சவுண்டு டிரைவர்

துபாயிலிருந்து ஜகபர் சாதிக் கடைசியாக வீடியோ காலில் வந்தபோது, வீட்டுக் கம்ப்யூட்டரில் சத்தம் வரவைக்கும் சாஃப்ட்வேரான சவுண்டு டிரைவர் இல்லை. ஃபார்மட் பண்ணியதில் போயிருந்தது. திரையில் அவர் வாய் மட்டும் அசைந்தது. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்ததால், அப்புறம் பேசிக்கலாம் என்று சைகை காட்டிவிட்டு மனைவி தஸ்லீமா அழைப்பைத் துண்டித்தாள். மறுநாள் அவர் இறந்துவிட்டதாக மௌத்துச் செய்தி வந்தது.

மூன்று வருடம் அவள் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. மகள் படிப்புக்கு வேண்டுமென்றுதான் திண்டிவனத்திலிருந்து ரிப்பேர்காரர் ரஞ்சித்தை இப்போது வரவழைத்தாள். வீட்டில் இப்போது நெட் இணைப்புகூட இல்லை. ரஞ்சித் பென்டிரைவைச் செருகினார்.

"சவுண்டு டிரைவர் போட்டுர்றேங்க்கா. நீங்க பேசுறது அந்தப் பக்கம் கேக்கணும்னா மைக்குக்கு வேற டிரைவரு. நாளைக்கு எடுத்தாரேன்."

டிரைவர் ஏறி முடிந்ததும் ஸ்பீக்கர் லேசாகக் கரகரத்தது.

"தஸ்லீமா, எவ்ளோ நேரமா கூப்பிட்டுக்கினு இருக்கேன். நான் பேசுறது கேக்குதா?"

ரஞ்சித்தின் கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது.

"கேக்குதுங்க! நல்லா கேக்குதுங்க!" தஸ்லீமா ஸ்பீக்கரில் வாயை வைத்துக் கத்தினாள்.

"தஸ்லீமா?"

"மைக்கு இன்னும் போடலக்கா" என்றார் ரஞ்சித், மெதுவாக.

"கேக்கல போலருக்கு" என்றது அந்தக் குரல். "சரி, அப்புறம் பேசிக்கலாம்."