வாசலில் ஒரு வண்டி எரு

ஒரே ஒரு மலைச்சரிவாம். அதில் ஒரே ஒரு மாமனாராம், ஒரே ஒரு மருமகளாம். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வண்டி எருவாம்.

பொழுது விடிந்ததும் சோபான்டு கிழவர் தன் மாட்டுப்பட்டியிலிருந்து ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு கிளம்புவார். நேராக மருமகள் நோலுண்டியின் குடிசைக்கு வருவார். அவள் பெருக்கி முடித்த வாசலில் வண்டியைக் கவிழ்ப்பார். திரும்பிப் போய்விடுவார்.

தென்னாப்பிரிக்காவின் ம்போன்டோ இனத்து வீடுகளில் மாமனாரும் மருமகளும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வதில்லை. அதற்காகப் பேசாமலும் இருப்பதில்லை. கிழவருக்கு ஒரு நாய் இருந்தது. நோலுண்டிக்கு வாசல் அடுப்பில் ஒரு மூன்று கால் இரும்புப் பானை இருந்தது.

"டேஞ்சர், உப்பு போட்டுக் கூழ் காய்ச்சலாம். செடி வளர்க்கலாமாடா?" என்று கிழவர் நாயைக் கேட்பார்.

"பானையே, வேலை இல்லாதவங்களுக்கு அடுத்தவங்க பாத்தியிலதான் கண்ணாம்," என்பாள் அவள்.

அந்த உப்பு வந்த கதை இதுதான். மகள் புமேசாவை ஈஸ்டர் அறுவடை முடிந்து வரும் ஜனவரியில் டவுன் பள்ளி விடுதியில் சேர்க்க வேண்டும். கணவன் லுவாசியின் சுரங்கச் சம்பளம் வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாக இருந்தது. அதனால் குடிசைக்குப் பின்னால் அவனிடமே ஒரு பாத்தி கேட்டு வாங்கி, அந்தச் சரிவில் எல்லோரும் விற்க வளர்க்கும் கஞ்சாச் செடி இருபது வைத்தாள் நோலுண்டி. செடி தேறினால் விடுதி. தேறாவிட்டால் புமேசா ஆடு மேய்க்க வேண்டியதுதான்.

செடிக்கு எரு வேண்டும். எரு பட்டியில் மலையாகக் கிடந்தது. ஆனால் பட்டி, முன்னோர்கள் குடியிருக்கும் இடம். மருமகள் கால் அங்கே படக்கூடாது. மாமனாரிடம் கேட்கவும் வாய் வராது. டவுனுக்குப் போய் உப்பு என்று சொல்லும் ரசாயன உரம் ஒரு மூட்டை வாங்கி வந்தாள். ஆசையில் கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது. நாலாம் நாள் இலை நுனியெல்லாம் கருகிச் சுருண்டது.

அதற்கு மறுநாள்தான் கிழவர் வாசலில் எருவைக் கவிழ்க்க ஆரம்பித்தார். குத்திக்காட்டுகிறாராம்!

பக்கத்து வீட்டு மாதுலோமோவுக்குப் பொறுக்கவில்லை.

"என்னடி இது? உன் வாசல் என்ன குப்பைமேடா? எங்க வீட்டுக் கிழவன் இப்படிப் பண்ணியிருந்தா, வண்டியில அவனையும் உட்காரவெச்சு மலையில உருட்டி விட்டிருப்பேன்!"

"வாடை இல்லக்கா. அது ஒண்ணுதான் ஆறுதல்."

"வாடை இல்லைன்னா மரியாதைன்னு அர்த்தமா?"

"ஈஸ்டருக்கு எம்புருஷன் சுரங்கத்துல இருந்து வரட்டும். நான் இங்க இருக்கவா, எங்கம்மா வீட்டுக்குப் போகவான்னு அவரே சொல்லட்டும்."

அதுவரைக்கும் வாசல் பெருக்காதவள் என்ற பேர் எதற்கு? தினமும் அந்தக் குவியலை வாரி, கைக்கெட்டிய இடத்தில், தன் பாத்தியிலேயே கொட்டினாள்.

ஈஸ்டர் வந்தது. லுவாசியும் வந்தான். பெட்டியை இறக்கி வைக்கும் முன்பே பாத்தியைப் பார்த்து வாயைப் பிளந்தான். செடிகள் அவன் தலைக்கு மேல் நின்றன. பூங்கொத்துகள் தொட்டால் விரலில் ஒட்டின.

"அடேயப்பா! என்னடி போட்டே?"

"உப்புதான்," என்றாள் நோலுண்டி நிமிர்ந்து. செடி கருகிய அன்று வாய் கட்டிய மூட்டையை அப்புறம் அவிழ்க்கவே இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

அதற்குள் கிழவர் வண்டியோடு வந்துவிட்டார். மகன் நிற்கிறானே என்றுகூடப் பார்க்கவில்லை. கவிழ்த்தார்.

நோலுண்டிக்கு அழுகை பொங்கிவிட்டது. "பார்த்தீங்களா? மழைக்காலம் முழுக்க இதே கூத்துதான். நான் என்ன மனுஷியா, குப்பைத்தொட்டியா?"

"அப்பா! என்னப்பா இது?"

குவியலை உதைக்கக் காலைத் தூக்கிய லுவாசி அப்படியே நின்றான். குனிந்து ஒரு கை அள்ளினான். கறுப்பாக, காபித்தூள் மாதிரி விரலிடுக்கில் உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தான்.

"நோலுண்டி, ஒரு நாளாவது பச்சைச் சாணி கொட்டினாரா?"

"இல்ல. எல்லாம் இப்படித்தான், தூளா."

"அசிங்கப்படுத்துறவன் பச்சைச் சாணியைத்தானே கொட்டுவான்? இது மூணு வருஷம் மக்கினது. பட்டிக்கு அடியில தோண்டி எடுத்து, கல்லு பொறுக்கி, சலிச்சிருக்கார்டி."

லுவாசி வேலிக்கு அப்பால் பார்த்தான். அப்பாவின் செடிகள் எரு காணாமல் முழங்கால் உயரத்தில் மஞ்சளாக நின்றன.

"உங்க செடிக்கு என்னப்பா ஆச்சு?"

கிழவர் நாயைப் பார்த்தார்.

"டேஞ்சர், மருமக பட்டிக்குள்ள வரக்கூடாதுன்னுதானே பெரியவங்க சொன்னாங்க? பட்டி மருமக வாசலுக்குப் போகக்கூடாதுன்னு எவனும் சொல்லலியே."

நோலுண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

"பானையே... அந்த உப்பு மூட்டை கட்டினபடியே மூலையில கிடக்கு."

"அது நமக்குத் தெரியாதா, டேஞ்சர்?" என்றபடி, காலி வண்டியை உருட்டிக்கொண்டு கிழவர் நடந்தார்.