பருத்தித் தோட்டத்துத் துரை

“தப்பிச்சுப் போனவங்க கதையை மட்டும் சொல்லு. மத்தது வேண்டாம்,” என்றார் சேதுராமன். சொல்லிவிட்டு எழுந்துபோய்த் தன் அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டார்.

உள்ளே நின்ற அன்பரசன் அந்தத் தாழ்ப்பாளையே பார்த்தான். தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்புக்கு பாஸான சேதுராமன் தாழ்ப்பாள் போட்டுப் பேசினால், அடுத்த நாள் அந்த ஆள் பாலைவனத்தில் ஒட்டகத்துக்குப் பல் தேய்த்துக்கொண்டிருப்பான் என்பது ஷார்ஜா தொழில்பேட்டை முழுக்கத் தெரிந்த சங்கதி.

மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. அவர் விசில் ஊதினால் செத்தவனும் எழுந்து ட்யூட்டி சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிடுவான். தும்மினால் அத்தனை ரூமிலும் ஏசி நின்றுவிடும்.

வந்து இறங்கிய அன்றே ஆட்களின் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்பவரும் அவரே. எல்லாம் அவர் கட்டிலை ஒட்டி நிற்கும் இரும்பு பீரோவில் இருப்பதாகக் கேம்ப்பே நம்பியது. சாவி தாயத்து மாதிரி அவர் கழுத்தில் தொங்கியது.

இந்த ராஜ்ஜியத்தை விட்டு ஊருக்குப் போக மனசு வராமலோ என்னவோ, பெற்ற மகள் கல்யாணத்தையே மெஸ் டிவியில் சிடி போட்டுப் பார்த்தவர் அவர். அன்றைக்கு ஆளுக்கொரு லட்டு கொடுத்தார். டிக்கெட் காசு மிச்சம் பண்ணிட்டார்டா மனுஷன் என்று லட்டைத் தின்றுகொண்டே சிரித்தார்கள்.

வினை ஒரு புத்தகத்தால் வந்தது. அமெரிக்காவிலிருந்து வரும் பழைய துணி மூட்டைகளைப் பிரித்துத் தரம் பார்க்கிற கம்பெனி அது. ஒரு மூட்டையில், கம்பளிக் கோட்டுகளுக்கு நடுவே, படம் போட்ட தடிப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அந்த நாட்டு ஜார்ஜியாப் பக்கத்துப் பருத்தித் தோட்டம் ஒன்றும், அடிமைகளை வைத்து அதை ஆண்ட ஹார்ட்வெல் துரையும் வாழ்ந்த சரித்திரம்.

பி.ஏ. வரலாறு படித்துவிட்டு மூட்டை பிரிக்கிற அன்பரசன், வெள்ளிக்கிழமை பிரியாணிக்குப் பிறகு மெஸ்ஸில் அதைக் கதையாகச் சொன்னான். துரையின் மாளிகைத் தூண்களை துபாய் ஹோட்டல்களுக்கு மேலே உயர்த்திவிட்டான். மற்றதற்குச் சரக்கு சேர்க்கத் தேவையே இருக்கவில்லை.

மனிதர்களை மாடு மாதிரிச் சந்தையில் வாங்கினார் துரை. பறித்த பஞ்சைச் சாயங்காலம் நிறுப்பார்கள். எடை குறைந்தால் சாட்டைக்காரன் கையால் முதுகுத் தோல் உரியும். தாயை ஒருவனுக்கும் பிள்ளையை இன்னொருவனுக்கும் விற்பார். துரை கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் வேலியைத் தாண்டக் கூடாது.

சீட்டு என்றதும் பாஸ்போர்ட் ஞாபகம் வந்து மெஸ்ஸில் இருந்த அத்தனை தலையும் சேதுராமன் அறைப் பக்கம் திரும்பியது. அன்றிலிருந்து முதுகுக்குப் பின்னால் அவர் பெயரும் துரைதான்.

அன்பரசனுக்கு அதில் சிரிப்பு வரவில்லை. ஒப்பந்தம் முடிந்தும் லீவு இல்லை. அவன் கண்ணால் பார்க்காமலே பிறந்த மகன் நடக்கிறான், பேசுகிறான். மனைவி உமாராணி கையில் இருக்கிற செல்போனைத்தான் ‘அப்பா’ என்று கூப்பிடுகிறானாம். பாஸ்போர்ட் மட்டும் கைக்கு வந்தால் கடலை நீந்தியாவது போய்விடுவான்.

கதை சேதுராமன் காதுவரை போய், அவரே அறைக்குள் வைத்து விசாரிக்கிறார் என்றால், இப்போது அதிலும் மண் விழுந்துவிட்டது.

“சொல்லுடா. எப்படிப் போனாங்க?”

“ராத்திரியில சார். வடக்குப் பக்கம் அடிமை முறை கிடையாது, அதனால வடக்கு நட்சத்திரத்தைப் பார்த்துக்கிட்டே நடப்பாங்க.”

“துரை நாயை விடுவானே?”

“சதுப்புத் தண்ணியில இறங்கிருவாங்க. நாய்க்கு வாசம் கிடைக்காது.”

சேதுராமன் ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லச் சொன்னார். யார் வீட்டில் ஒளிந்தார்கள், யார் சோறு போட்டார்கள், பிடிபட்டவன் எதனால் பிடிபட்டான் என்று போலீஸே தோற்கிற மாதிரி குடைந்தார். கேம்ப் சுவரில் எலி நுழைகிற ஓட்டையைக்கூட அடைக்கத்தான் இத்தனை விசாரணை என்று அன்பரசன் முடிவுகட்டிவிட்டான்.

“சாட்டை வச்சிருந்தானே ஒருத்தன். அவனுக்குத் துரை என்னடா சம்பளம் கொடுத்தான்?”

“சம்பளமா? அவனும் விலைக்கு வாங்குன ஆளுதான் சார். தனிக் குடிசை, கூடுதலா ஒரு கோட்டு. அவ்வளவுதான்.”

சேதுராமன் கழுத்துச் சாவியை விரலால் உருட்டினார். துரை கடைசியில் என்ன ஆனான் என்று கேட்டார். உள்நாட்டுச் சண்டை வந்தது, வடக்கத்திப் பட்டாளம் வந்து எல்லாரையும் விடுவித்தது, அத்தனை பெரிய மாளிகையில் துரை தன் காலணியைத் தானே துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று அன்பரசன் முடித்தான்.

“இங்க பட்டாளமெல்லாம் வராது,” என்றார் சேதுராமன்.

அதைக் கேட்டதும் அன்பரசனுக்குப் பயம்கூட விட்டுப்போனது. இனி என்ன ஆனாலும் ஆகட்டும் என்று வாயைத் திறந்தான்.

“சார், எம் மவனை ஒரு தடவை பாக்கணும். பாஸ்போர்ட்டைக் கொடுங்க.”

சேதுராமன் அவனையே பார்த்தார். பிறகு கழுத்திலிருந்த சாவியைக் கழற்றி, கிறீச்சென்று பீரோவைத் திறந்தார். அன்பரசன் இருந்த இடத்திலிருந்தே எழும்பி எட்டிப் பார்த்தான்.

உள்ளே ஒரு பாஸ்போர்ட்கூட இல்லை. நைலான் கயிறு சுற்றிக் கட்டிய ஒரே ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. சேதுராமன் பெயர், ஊர், சென்னை ஏர்போர்ட் என்று மார்க்கரில் எழுதியிருந்த எழுத்து வெளிறிப் போயிருந்தது. அதற்குக் கீழே, ‘கல்யாணச் சாமான், கவனம்’.

“பாஸ்போர்ட்டெல்லாம் எங்க சார்?”

“முதலாளி வீட்டு லாக்கர்லடா,” என்றார் சேதுராமன். “என்னுதும்.”