கோச் அம்மாவின் விண்ணப்பம்

கிளப் செயலாளர் மேஜைமேல் இருந்த விண்ணப்பத்தைக் கையில் எடுத்தார். கிளப்பின் பெண்கள் சாஃப்ட்பால் அணிக்குப் பயிற்சியாளரும் அவரே. ஒரு மேட்ச்கூட ஜெயிக்காத அந்த அணியை ஆண்டறிக்கையில் வருஷாவருஷம் "வளர்ந்து வரும் அணி" என்று எழுதிவந்தார். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளோ, கல்லூரியில் முப்பது வருஷம் சாஃப்ட்பால் கோச்சாக இருந்து போன வாரம் ஓய்வு பெற்றவர். விண்ணப்பத்தில் அந்த முதல் வரியைப் படித்ததுமே, தன் பயிற்சியாளர் இடத்துக்குத்தான் வந்திருக்கிறார் என்று செயலாளருக்கு வியர்த்துவிட்டது. மேலே படிக்கவில்லை.

"எத்தனை மேட்ச் ஜெயிச்சிருக்கீங்க?"

"அறுநூத்திப் பன்னெண்டு சார்."

"கோப்பை?"

"பதினாலு."

"காலேஜ் பொண்ணுங்க சொன்னா கேட்பாங்க மேடம். இங்க வர்றவங்க அப்படி இல்ல. இந்த இடத்துக்குத் தனி அனுபவம் வேணும்" என்றார், நாற்காலிக் கையை இறுகப் பிடித்தபடி.

"அனுபவம் சுத்தமா இல்ல சார். நான் படிச்ச காலத்துல பொண்ணுங்களுக்கு டீமே கிடையாது. புத்தகம் பார்த்துத்தான் கோச் ஆனேன். முப்பது வருஷமா கோட்டுக்கு வெளியே நின்னு 'ஓடு, ஓடு'ன்னு கத்தினதோட சரி. ஒரு மேட்ச்கூட ஆடினதில்ல. உங்க டீம்ல என்னை ஆட சேர்த்துப்பீங்களா? கடைசி ஆளா இருந்தாலும் பரவாயில்ல."

செயலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே மிடுக்கும் வந்தது. விண்ணப்பத்தில் குனிந்து பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

"புதுசா சேர்றவங்க முதல்ல கிரவுண்டை ரெண்டு சுத்து ஓடணும். யாரா இருந்தாலும் சலுகை கிடையாது."

நிமிர்ந்தார். நாற்காலி காலியாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே அறுபது வயது அம்மாள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வாய்கொள்ளாச் சிரிப்போடு முதல் சுற்றில் பாதியைத் தாண்டியிருந்தார்.