காலால் அளந்த நிலம்

“வானத்துல இருந்து பார்த்தா நிலம் புரிஞ்சிடுமாம்மா? கால்ல மிதிச்சுப் பார்த்தாத்தான் புரியும்” என்றார் நேரில் சார்.

வகுப்பு சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

நேரில் என்பது அலுவலகம் அவருக்கு வைத்த பெயர். எந்த அறிக்கையாக இருந்தாலும் ‘நேரில் சென்று ஆய்வு செய்தேன்’ என்றுதான் தொடங்குவார். தலைமை சர்வேயர். செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலம் அளக்கும் இந்த உயர்நிலைப் பயிற்சியை முடித்துவிட்டால் துணை இயக்குநர் ஆகிவிடலாம். நாற்காலி ஒன்றுதான். போட்டிக்கு இருந்தவர் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். வேறு யாருமில்லை, அவருடைய சகலை. அக்காவைக் கட்டியவர் பெரியவரா, தங்கையைக் கட்டியவர் பெரியவரா என்ற வழக்கு மாமியார் வீட்டில் வெகுநாளாக நிலுவையில் இருந்தது. இந்த நாற்காலியோடு அது தீர்ந்துவிடும்.

பாடம் எடுத்த பெண்ணுக்கு அவருடைய மூத்த மகள் வயதுதான் இருக்கும். குரலை உயர்த்தத் தெரியாதவள். திரையில் ஒரு படத்தைப் போட்டாள். வயல்வெளி முழுக்க ரத்தச் சிவப்பாக இருந்தது.

“நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒளியையும் இந்தக் கேமரா பிடிக்கும் சார். அதனால பயிரெல்லாம் சிவப்பாத் தெரியும். அதே மாதிரி மத்த நிறங்களும்...”

“பயிர் சிவப்பு. அப்போ பழுத்த தக்காளி பச்சையா இருக்குமா?”

மறுபடி சிரிப்பு. அவள் சொல்ல வந்தது அதில் அமுங்கிப்போனது.

“இந்தப் பொம்மையெல்லாம் ஏசி ரூமை விட்டு வெளியே வராதவங்களுக்கும்மா. நான் நேர்ல போகாம ஒரு கையெழுத்துப் போட்டதில்ல.”

சகலை தொண்டையைக் கனைத்தார். “அப்போ ஒண்ணு பண்ணலாமே. சகலை அளந்த ஊர் ஒண்ணைத் திரையில போடுங்க. அவர் கால் சொல்றதும் உங்க படம் சொல்றதும் ஒத்துப்போகுதான்னு பார்த்துடுவோம்.”

நேரில் சாருக்கு உள்ளூரக் குளிர்ந்தது. எதிராளியே வந்து மேடை போட்டுக் கொடுக்கிறான், இதைவிட என்ன வேண்டும்.

“எந்த ஊர் சார் போடட்டும்?” என்றாள் அவள்.

யோசித்தார். யாரும் எட்டிப் பார்க்காத ஊராக இருந்தால் எடுப்பாக இருக்கும். “வடக்குக் கோடியில மலையடிவாரத்துல ஒரு ஊர் இருக்கு பாரு. சரியான ரோடு கிடையாது, எவனும் போகமாட்டான். நான் வருஷம் தவறாம போறேன். போன மாசம்கூடப் போனேன்.”

அவள் விரல்கள் விசைப்பலகை மேலேயே நின்றன. “மலையடிவாரத்து ஊரா சார்? நிச்சயமா?”

“ஏன், உனக்கு அந்தப் பக்கம் தெரியுமா?”

“கொஞ்சம் தெரியும் சார்.”

படம் வந்தது. சுற்றிலும் சிவப்பு. நடுவில் தாரைக் கொட்டி மெழுகியதுபோல வழவழவென்று ஒரே கறுப்பு. வீடு, வரப்பு, பாதை ஒன்றும் தெரியவில்லை. நேரில் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஆனால் இத்தனை வருட சர்வீஸ் சும்மாவா?

“கரிசல் மண்ணும்மா. கறுப்பா இல்லாம வெள்ளையாவா இருக்கும்? பரவாயில்ல, இதையாவது உன் கேமரா ஒழுங்கா எடுத்திருக்கு.”

பின் வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

“இந்தக் கறுப்புக்கு நடுவுலயா சார் நடந்தீங்க?”

“இந்தக் கரையிலருந்து அந்தக் கரை வரைக்கும். அளக்குற சங்கிலியை நானே பிடிச்சேன். வெயில் மண்டையைப் பிளந்துது. முழங்கால் வரைக்கும் புழுதி, செருப்பு வார்கூட அறுந்துபோச்சு.”

“வீடெல்லாம் இருக்கா சார்?”

“இருக்காம எங்க போகும்? எல்லாம் போட்டது போட்டபடி இருக்கு. சோளம் நல்லா வந்திருக்கு. ஒரு பெரியவர் கட்டிலை இழுத்துப் போட்டு உக்காரச் சொன்னார். குடிக்கத் தண்ணி கேட்டேன், பாவம், அரைச் சொம்புதான் கொடுக்க முடிஞ்சுது. அந்த ஊர்ல தண்ணிக்குத்தானே பஞ்சம்.”

இந்த இடத்தில் குரலைக் கொஞ்சம் தழைத்துக்கொண்டார். வகுப்பு உருகிவிட்டது.

அவள் மட்டும் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அந்தப் பெரியவர் வலது காலைக் கொஞ்சம் தாங்கி நடந்தாரா சார்? ஓட்டு வீட்டு வாசல்ல?”

“அதே ஆள்தான். தாங்கித் தாங்கி வழியனுப்ப வந்தார். மனசுக்குக் கஷ்டமாப் போச்சு.”

“அவர் எங்க அப்பா சார். இப்போ என்கூட இங்க வாடகை வீட்ல இருக்கார்.”

நேரில் சார் மடித்திருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

“மாற்று நிலம் கேட்டு அவர் மனுப் போடும்போதெல்லாம், உங்க நிலமும் வீடும் பத்திரமா இருக்கு, சர்வேயர் நேர்ல பார்த்திருக்காருன்னு திருப்பி அனுப்பிடுறாங்க” என்றாள் அதே தணிந்த குரலில். “இந்தப் படத்துல தண்ணிதான் சார் கறுப்பாத் தெரியும். ஊருக்குக் கீழே ஆத்துல அணை கட்டினதுலருந்து எங்க ஊர் மொத்தமும் அந்தத் தண்ணிக்கு அடியிலதான் கிடக்கு.”

சகலை மெதுவாக நேரில் சார் பக்கம் சாய்ந்தார்.

“உங்களுக்கு நீச்சல் தெரியும்னு மாமியார் வீட்ல ஒருத்தர்கூடச் சொன்னதில்லையே சகலை.”