வாடகை முதுகு

அக்கா சொன்ன இந்தச் சம்பவத்தைப் பல வருஷமாக நான் முழுதாக நம்பவில்லை.

அவள் ஒரு கார்மென்ட் கம்பெனியில் சூப்பர்வைசர். தையல் கூடத்து ஜன்னலுக்கு எதிரே ஒருநாள் பெரிய விளம்பரப் பலகை முளைத்தது. சோப்பு விளம்பரம். வெற்று முதுகைக் காட்டியபடி திரும்பிச் சிரிக்கும் நடிகை.

"முகம்தான் அவளுது. முதுகு வேற எவளோடதோ, வாடகைக்கு எடுத்ததாம்" என்றாள் துணி வெட்டுகிறவள். அவளுக்குப் பட்டப்பெயர் கத்திரி. வாயும் அப்படித்தான்.

"நம்ம முதுகை எவன் கேப்பான்? மெஷின்ல குனிஞ்சே கூன் விழுந்துடுச்சு" என்றாள் ஒருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்கடி. முகத்தை மறைச்சுக்கிட்டு உடம்பைக் காட்டினாளே, அவ மட்டும் கையில கிடைக்கட்டும்!" என்றாள் கத்திரி.

"நானும் திட்டினேன்டா" என்றாள் அக்கா. "அவங்களைவிடச் சத்தமா. 'இவளுக்கெல்லாம் வீடு, பிள்ளைங்கன்னு ஏதாவது இருக்குமா'ன்னு கேட்டேன்."

மறுநாள் அவளே மிச்சத் துணிகளை ஒட்டுப்போட்டுத் திரை தைத்து ஜன்னலில் மாட்டினாள். "மானம் காத்த மகராசி" என்றாளாம் கத்திரி.

"மானத்துக்காக இல்லடா. அந்த முதுகு யாரோடதுன்னு எனக்குத் தெரியும். எங்ககிட்ட பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிற பொண்ணு. இவங்க கண்டுபிடிச்சா அவ அப்புறம் வேலைக்கு வர முடியுமா?"

"முகமே இல்லாம நீ எப்படிக்கா கண்டுபிடிச்ச?"

"அவ தோள்ல இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு ஒண்ணு இருக்கும்."

"படத்துல இருந்துச்சா?"

"இல்ல, அழிச்சிட்டாங்க."

"அழிச்சப்புறம் எப்படி..."

"தினம் பின்னாடி நின்னு வேலை வாங்குறவளுக்கு ஒரு முதுகு தெரியாதா? போடா, பெருசா கேள்வி கேக்க வந்துட்டான்."

அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் திரை போட்டதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று அந்தப் பெண்ணை இட்டுக்கட்டிவிட்டாளோ என்ற சந்தேகம் மட்டும் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது.

போன மாதம் அக்காவுக்கு ஆபரேஷன். அவள் மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். நர்ஸ் அக்காவை ஒருக்களித்துப் படுக்கவைத்தபோது சட்டை விலகியது.

தோளில், இஸ்திரிப் பெட்டியின் முனை அளவுக்கு ஒரு பழைய தழும்பு.

நர்ஸ் போகும்வரை ஜன்னலைப் பார்த்தபடி நின்றேன். பிறகு மெதுவாகக் கேட்டேன்.

"அக்கா, அன்னைக்கு அவங்களோட சேர்ந்து உன்னையேவா திட்டிக்கிட்ட?"