முப்பத்திநாலு பல்

"இதைவிடப் பெரிய பல்சக்கரம் இல்லையா அண்ணே?" என்றார் வங்கிக் காசாளர். அவருடைய ரேஸ் சைக்கிள் பின்சக்கரம் கழற்றப்பட்டு, கடை நடுவே ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

கடைக்காரர் துணியில் கையைத் துடைத்தார். "சார், இதுவே முப்பது பல். இதுக்கு மேல போட்டா கால் சும்மா சுத்தும், வண்டி நகராது. மேட்டுல எறும்பு உங்களை முந்திடும்."

"முந்தட்டும்."

கடைக்காரர் அவர் காலை ஒரு பார்வை பார்த்தார். கெண்டைச்சதை கல்லாட்டம் இருந்தது. "இந்தக் காலை வச்சுக்கிட்டா மலை ஏற முடியலைங்கிறீங்க?"

"ஏற முடியலைன்னு யார் சொன்னா? மெதுவா ஏற முடியலை. அதான் தலைவலி."

காசாளர் வாசலைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கிழமையானா எங்க மேனேஜர் மலை ஏறுவார். பின்னாடியே மொத்த ஆபீசும் ஏறணும். அவர் போற வேகத்துக்கு நான் மிதிச்சா வண்டி சாயுது. சாயாம மிதிச்சா அவரைத் தாண்டிடுது."

"தாண்டினா என்ன, தலையையா சீவிடுவார்?"

"போன வருஷம் கடன் பிரிவுக்காரர் ஒருத்தர் தாண்டினார். அடுத்த மாசமே வெளியூருக்கு மாற்றல். இப்போ பதவி உயர்வுக்கு என் பேரு மேலிடத்துக்குப் போயிருக்குண்ணே. மேனேஜர் ஒரு வார்த்தை சொல்லணும். மனுஷன் வளைவுக்கு வளைவு திரும்பித் திரும்பிப் பார்க்கிறார், எவன் கிட்ட வர்றான்னு!"

"அப்போ போகாம இருந்துடுங்க."

"போகலைன்னா ஆர்வம் இல்லாதவன். முந்தினா திமிர் பிடிச்சவன். எங்கே போய் முட்டிக்கிறது?"

கடைக்காரர் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு டப்பாவை இறக்கினார். "முப்பத்திநாலு பல். ஆனா இதுக்குச் செயின் நீளம் பத்தாது, புதுசு போடணும். செயினைக் கியருக்குக் கியர் தள்ளுற பாகத்தையும் மாத்தணும்."

"மாத்துங்க."

"விலை..."

"போடுங்கண்ணே."

பேரம் பேசாமல் தலையாட்டும் வாடிக்கையாளரைக் கண்டதும் கடைக்காரருக்கே லேசாகப் பயம் வந்தது. விலையை இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லலாமோ என்ற ஆசையும் வந்தது.

அப்போது வாசலில் சைக்கிள் மணி அடித்தது. எட்டிப் பார்த்த காசாளரின் முகம் வெளுத்தது. "மேனேஜர்!"

கடைக்கு ஒரே வாசல். ஓடலாம் என்றால் வண்டிக்குப் பின்சக்கரம் இல்லை. டயர் அடுக்குக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டார். கடைக்காரர் பழைய போர்வை ஒன்றை எடுத்து ஸ்டாண்டில் தொங்கிய சைக்கிள் மேல் போட்டார்.

மேனேஜர் வண்டியை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார். "ஏம்ப்பா, இதைவிட மெதுவாப் போற மாதிரி கியர் ஏதாவது இருக்கா?"

"சார்! போன மாசம்தானே முப்பத்திநாலு போட்டு அனுப்பினேன்?"

"பத்தலைப்பா."

டயர்களுக்குப் பின்னால் காசாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். இவர் இன்னும் மெதுவாகப் போனால், நான் என்ன பின்பக்கமாகவா மிதிப்பது?

கடைக்காரர் மெல்லத் தூண்டில் போட்டார். "இதுக்கு மேல மெதுவாப் போறதுன்னா இறங்கித் தள்ளத்தான் வேணும். எதுக்கு சார் இவ்வளவு மெதுவா?"

மேனேஜர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். "டாக்டர் சொன்னாரேன்னு ஒரே ஒரு வாரம் தனியா ஏறினேன். மறுவாரம் பார்த்தா, ஆபீசே தொப்பி மாட்டிக்கிட்டு அடிவாரத்துல நிக்குது! இத்தனை பேர் ஆசையா வரும்போது நான் படுத்துத் தூங்கினா நல்லாவா இருக்கும்?"

"வேற யாரையாவது முன்னாடி விட்டுடுங்களேன்."

"விடாமலா இருக்கேன்? போன வருஷம் ஒருத்தர் முந்தினார். இனி நீங்களே எல்லாரையும் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அவர் சொந்த ஊருக்கே மாற்றல் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டார்."

சுளுக்கிய கழுத்தைத் தேய்த்துக்கொண்டு, மேனேஜர் பெருமூச்சு விட்டார்.

"நானும் வளைவுக்கு வளைவு திரும்பிப் பார்க்கிறேன், ஒருத்தனாவது முந்தித் தொலைய மாட்டேங்கிறானேப்பா!"