நாலே பட்டன்

மொத்தம் பதினெட்டு மணி நேரப் பழக்கம்தான். அதற்குள் அந்த இயந்திரம் வெண்டலை அவர் பெற்ற மகனைவிட நன்றாகப் புரிந்துகொண்டுவிட்டது.

பக்கவாதம் வந்து பேச்சு போனபின், அவர் சொன்னபடி கேட்பது இடது கட்டைவிரல் மட்டும்தான். கனடாவின் வின்னிபெக் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் அந்த விரலுக்கு நான்கு பட்டன்கள் கொடுத்திருந்தார்கள். அகரவரிசை முழுவதும் அந்த நான்கில் பங்கு போடப்பட்டிருந்தது. இரண்டு தட்டுத் தட்டினால் போதும், மிச்ச வார்த்தையை இயந்திரம் ஊகித்துத் திரையில் நீட்டும்.

முதல் வாரம் தடுமாறியது. பிறகு, முப்பது வருடம் பனி அள்ளும் லாரி ஓட்டியவரின் வசவெல்லாம் அதற்கு அத்துப்படி ஆகிவிட்டது. ஹாக்கி நடுவரைத் திட்ட ஆரம்பித்தால், அவர் நினைத்ததைவிடக் காரமாக முடித்து வைத்தது.

போன செவ்வாய் மட்டும் எதைத் தட்டினாலும் உளறிக் கொட்டியது. மறுநாள் அது தெளிந்ததும், ஊரெல்லாம் காய்ச்சல், நேற்று உனக்குமா என்று அதையே கேட்டு எழுதினார் வெண்டல். ஆராய்ச்சி மாணவி நொயெல் சிரிக்கவில்லை.

இன்று கடைசி நாள். இதை வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்று வெண்டல் எழுதியதும், நொயெல் காபிக் கோப்பையை மேசைமேல் சுற்ற ஆரம்பித்தாள். முடியாது என்றாள், மெதுவாக.

வெண்டல் விடவில்லை. ஞாயிறு தவறாமல் கால்கரியிலிருந்து மகன் வீடியோவில் கூப்பிடுகிறான். இரண்டு நிமிடம் தானே பேசி, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தானே முடித்து, வைத்துவிடுகிறான். ஒரே ஒரு ஞாயிறு அவனைப் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்க வேண்டும். காபி சிந்தாமல் வைத்துக்கொள்வதாகவும் சத்தியம் செய்தார்.

“குடுக்க மனசில்லாம இல்ல, வெண்டல். அங்க இது வேலை செய்யாது.”

திரையில் எழுத்து ஓடியது: “ஏன், என் வீட்ல மட்டும் கரண்ட் இல்லையா?”

நொயெல் தரையைப் பார்த்தாள். ஆராய்ச்சி முடிந்த அன்றே, அதில் பங்கேற்றவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்பது அவர்கள் விதி. சொல்வதற்குப் பதில், எழுந்து போய்ப் பின்சுவரை இரண்டு முறை தட்டினாள்.

பக்கத்து அறைக் கதவு திறந்தது. அறுபது வயதிருக்கும் ஒரு பெண்மணி, கழுத்தில் ஹெட்போன் தொங்க, முகமெல்லாம் சிவந்து நின்றார். அவருக்குப் பின்னால் மேசைமேல் ஒரு பெரிய கீபோர்டு. அதற்கு மேலே இருந்த திரையில், வெண்டல் கடைசியாகக் கேட்ட கேள்வி அப்படியே நின்றது.

வெண்டலின் கட்டைவிரல் அந்தரத்தில் நின்றுபோனது.

“அது அங்க வேலை செய்யணும்னா,” என்றார் அந்தப் பெண்மணி, “உங்க வீட்டுக்கு நான்தான் வரணும்.”